நம் கரையில் தொடங்கும் ஆப்பிரிக்க வரலாறு

ஆண்டுதோறும் தை பிறந்துவிட்டால் நம் கல்லூரி வளாகத்தில் ஒரு பேச்சுத் தவறாது எழும். "இவ்வாண்டுச் சுற்றுலா எங்கே?" என்பதே அப்பேச்சு. உதகையா, கொடைக்கானலா, மூணாறா என மாணவர் அணி பிரிந்து வழக்காடுவர். துறைத்தலைவரிடம் அளிக்கும் விண்ணப்பத்தில் 'கல்விச் சுற்றுலா' என்று எழுதப்பட்டிருக்கும். திரும்பி வந்தபின் கைப்பேசியில் உள்ள படங்களைப் பார்த்தால் சுற்றுலா இருக்கும். கல்வியைத் தேடத்தான் வேண்டும். இளையோர் மலை கண்டு மகிழ்வதை நாம் குறை கூறவில்லை. அவ்வயதில் நாமும் அவ்வாறே மகிழ்ந்தவர்கள்தாம். ஆயினும் சென்ற ஆண்டு நம்மை நோக்கி எழுந்த வினா ஒன்று நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக் கிடக்கிறது. அதனை இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களிடமும் ஆசிரியப் பெருமக்களிடமும் சமுதாயப் பெரியோரிடமும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நம் மாணவியர் சிலருக்குத் தோழியாக விளங்கும் தான்சானிய நாட்டு மாணவி ஒருவர், பழைய மாமல்லபுரம் சாலையில் அமைந்த ஒரு கல்வி நிறுவனத்தில் பயில்பவர். நாம் மாமல்லைக்குச் சென்றபோது அவரும் உடன் வந்தார். அருச்சுனன் தபசுப் பாறையின் முன் நின்று சிற்பங்களை அவர் நோக்கிக்கொண்டிருந்தார். அங்கு வந்திருந்த இளைஞர் கூட்டமோ அவரையே நோக்கிக்கொண்டிருந்தது. இசைவு கேளாமலே அருகில் நின்று படம் எடுத்தனர். ஒருவர் அவருடைய பின்னலைத் தொட்டே பார்த்துவிட்டார். அவ்விளைஞர் கொடியோர் அல்லர். தாம் செய்வது தவறு என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அதுதான் நம்மை வருத்தியது. அம்மாணவி முகம் சுளிக்கவில்லை. திரும்பும் வழியில், கோவளத்தருகே தேநீர் அருந்த இறங்கியபோது மெல்லக் கேட்டார்: "எங்கள் மக்கள் பலர் முற்காலத்தில் இந்தியாவுக்கு வந்தனர் என்று பள்ளியில் படித்தேன். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? நீங்கள் போய்ப் பார்த்ததுண்டா?"

நாம் போய்ப் பார்த்ததில்லை. எங்கே இருக்கிறார்கள் என்பதையும் அப்போது தெளிவாகச் சொல்ல இயலவில்லை. தமிழும் வரலாறும் கற்பிக்கும் நாம் நாணித் தலைகுனிந்தோம். அன்றிலிருந்து தேடிப் படித்தவற்றின் பயனே இக்கட்டுரை. கறுப்பின மக்களின் வரலாறு என்றால் அது அமெரிக்காவில் நிகழ்ந்தது, அயலார் கதை என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வெண்ணம் பிழை. அக்கதையின் ஓர் இழை நம் சோழமண்டலக் கரையிலேயே முடிச்சிடப்பட்டுள்ளது. எனவே நம் கல்விச் சுற்றுலாக்களுள் ஒன்றேனும் அவ்விழையைப் பற்றிச் செல்லவேண்டும் என்பதே நம் கருத்து.

பயணத்துக்கு முன் சில சொற்கள்

புறப்படுமுன் நம் நாவில் உள்ள சொற்களைச் சற்றே சோதித்துக்கொள்ளுதல் நலம். ஆப்பிரிக்கரைக் குறிக்கத் தமிழில் வழங்கிவந்த பழஞ்சொல் 'காப்பிரி' என்பது. 'காஃபிர்' என்னும் அரபுச் சொல்லே இதன் மூலம். கிழக்காப்பிரிக்கக் கரையில் வணிகம் செய்த அரபியர், இஸ்லாத்தைத் தழுவாத அந்நாட்டு மக்களை இச்சொல்லால் சுட்டினர். போர்த்துக்கீசியர் அதனைத் தம் மொழிக்குள் எடுத்துக்கொண்டு, தாம் கப்பலில் ஏற்றிய அடிமைகளுக்கெல்லாம் பெயராக்கினர். சமயம் பற்றிய சொல் நிறம் பற்றிய சொல்லாயிற்று, பின்னர் வசையாயிற்று. தென்னாப்பிரிக்காவில் இன்று இது வாய்விட்டுக் கூறவே கூசும் இழிசொல். இச்சொல்லால் பிறரைத் திரும்பத் திரும்ப வைததற்காக 2018-ஆம் ஆண்டு ஒருவர் சிறைத்தண்டனையே பெற்றார். இலங்கையில் புத்தளத்துக்கு அண்மையில் உள்ள சிறாம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வழியினரோ இதே பெயரைத் தம் இனப்பெயராகத் தயக்கமின்றி வழங்குகின்றனர். ஒரே சொல் ஓரிடத்தில் வடு, மற்றோரிடத்தில் அடையாளம். இதனை அறியாமல் அகராதியை மட்டும் நம்பிப் பேசுவோர் இடறி விழுவர்.

நம் ஊர்ப்பெயரையே எண்ணிப் பாருங்கள். சிறுசேரி என்பதில் உள்ள 'சேரி' பண்டு மக்கள் சேர்ந்து வாழும் இடம் எதற்கும் பொதுவான பெயர். உத்தரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையைக் கூறுமிடத்துச் சேரிகளைக் கணக்கிட்டே உறுப்பினரைத் தெரிந்தெடுக்கச் சொல்கிறது. பிற்காலத்தில் அச்சொல்லை ஒடுக்கப்பட்டோர் வாழிடத்துக்கு மட்டும் உரியதாக்கி இழிவு ஏற்றியவர்கள் நாம். சொல்லைக் கெடுக்கும் கலை மேலைநாட்டார்க்கு மட்டும் உரியதன்று.

இந்தியாவில் வாழும் ஆப்பிரிக்க வழியினர்க்கு இன்று வழங்கும் பெயர் 'சித்தி' என்பது. 'என் தலைவர்' எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து இது வந்தது என்பர். அபிசீனிய நாட்டிலிருந்து வந்தோர் 'ஹப்ஷி' எனவும் வழங்கப்பட்டனர். வகுப்பில் இதனைக் கூறியபோது மாணவர் சிரித்துவிட்டனர். தமிழில் சித்தி என்பவர் தாயின் தங்கையன்றோ! சிரிக்கட்டும். அயலார் எனக் கருதியவரை முதன்முதலாக உறவுப் பெயரால் அழைக்கும் வாய்ப்பு தமிழர்க்கு மட்டுமே வாய்த்திருக்கிறது.

சதுரங்கப்பட்டினத்தில் தொடங்குவோம்

நம் கல்லூரி வாயிலிலிருந்து கேளம்பாக்கம், கோவளம் வழியே கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்து தெற்கே சென்றால், மாமல்லையைக் கடந்து கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம் வரும். அங்கே டச்சுக்காரர் எழுப்பிய செங்கற் கோட்டை இடிபாடுகளோடு கடலை நோக்கி நிற்கிறது. உள்ளே பூவேலையும் கப்பல் உருவமும் நுணுக்கமாகச் செதுக்கிய டச்சுக் கல்லறைக் கற்கள் உள்ளன. மாமல்லைக்குச் செல்லும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கு வருவதில்லை என்றே தோன்றுகிறது.

இக்கோட்டைக்கு உரிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி துணி மட்டும் வாங்கவில்லை; மனிதரையும் வாங்கியது. சதுரங்கப்பட்டினம் மெல்லிய துணிக்குப் பேர்பெற்ற துறை. வடக்கே பழவேற்காட்டிலும் தெற்கே நாகப்பட்டினத்திலும் அதே கம்பெனியின் கப்பல்களில் அடிமைகள் ஏற்றப்பட்டனர். 17-ஆம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் இக்கரையைத் தாக்கிய போதெல்லாம் அவ்வணிகம் பெருகியது. அரிசிக்கு வழியின்றிப் பெற்றோர் பிள்ளைகளை விற்றனர். தம்மையே விற்றுக்கொண்டோரும் உண்டு. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதி போரிலும் பஞ்சத்திலும் சிக்கியபோது ஆயிரக்கணக்கானோர் கடல் கடத்தப்பட்டனர். மீண்டும் 1694 முதல் 1696 வரையிலான மூன்றாண்டுகளில் இலங்கைக்கு மட்டும் ஏறத்தாழ 3,900 பேர் கொண்டு செல்லப்பட்டனர். இவர்களுள் பலர் நம்மவர்; தமிழ் பேசியவர்.

டச்சுக்காரர்தாம் செய்தனர் என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேயரும் அவ்வணிகத்தில் ஈடுபட்டனர். 1687 முதல் 1692 வரை அங்கு ஆளுநராக இருந்த எலிஹு யேல் என்பாரின் பெயரைத் தாங்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகம், அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024-இல் மன்னிப்புக் கேட்டது. அவர் திருமணம் நடந்த புனித மேரி ஆலயம் இன்றும் கோட்டைக்குள் இருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கு மனுவோடு செல்லும் நம்மில் எத்தனை பேர் அதனை எட்டிப் பார்த்திருப்போம்?

இனி, கப்பலில் ஏறியவர் எங்கே இறங்கினர் என்று காண்போம். கொழும்பிலும் மலாக்காவிலும் பத்தாவியாவிலும் பலர் இறங்கினர். சிலர் ஆப்பிரிக்காவின் தென்முனையில் இறங்கினர். 1652-இல் டச்சுக்காரர் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்தனர். அன்று முதல் 1808 வரை அங்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர். ஆப்பிரிக்கப் பெருநிலத்திலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் வந்தவர்களோடு, ஏறக்குறைய கால்பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து சென்றவர்கள். கம்பெனி ஏடுகளில் அவர்களுடைய சொந்தப் பெயர் இல்லை. எசமானர் இட்ட ஒரு பெயரும், அதன் பின்னே 'கோரமண்டலத்தான்', 'மலபாரான்', 'வங்காளத்தான்' எனப் பொருள்படும் ஒட்டும் மட்டுமே உள்ளன. தந்தை பெயர் இல்லை, குலப்பெயர் இல்லை. பிறந்த கரையின் பெயர் ஒன்றே எஞ்சியது. அந்தக் கரை நம் கரை.

கேப்டவுன் நகரில் 1679-இல் கட்டப்பட்ட அடிமைக் கொட்டடி இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அதே நகரின் போ-காப் பகுதியில் உள்ள அவ்வல் பள்ளிவாசல் தென்னாப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசல்; 1794-இல் தோன்றியது. அம்மனைக்கு உரியவர் விடுதலை பெற்ற அடிமையான 'கோரிடன் வான் சிலோன்' என்பவர். பெயரிலேயே இலங்கை இருப்பதைக் காண்க. அப்பள்ளியின் முதல் இமாம் துவான் குரு, திதோர் தீவிலிருந்து கைதியாகக் கொண்டுவரப்பட்டு 1780-இல் ராபன் தீவில் அடைக்கப்பட்டவர். அங்கே திருக்குர்ஆனை நினைவிலிருந்தே எழுதி முடித்தார். இரு நூற்றாண்டுகட்குப் பின் நெல்சன் மண்டேலா அடைபட்டதும் அதே தீவில்தான். கறுப்பர் வரலாறு, முஸ்லிம் வரலாறு, தமிழர் வரலாறு என நாம் தனித்தனியே பெட்டி பிரித்து வைத்திருப்பவை அந்நகரின் ஒரு தெருவுக்குள் கலந்து கிடக்கின்றன. நம் மாணவர் அனைவரும் கேப்டவுன் செல்ல இயலாது. சதுரங்கப்பட்டினத்துக்கோ பேருந்துக் கட்டணம் போதும்.

அம்பரும் அவரை விற்றவரும்

நம் கடல் அள்ளிச் சென்றது பாதிக் கதை. கொண்டுவந்து சேர்த்தது மறுபாதி. அதில் தலைசிறந்து நிற்பவர் மாலிக் அம்பர். 1548-ஐ ஒட்டி எத்தியோப்பியாவில் பிறந்தவர். சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டுப் பாக்தாத் வழியாகத் தக்காணம் வந்தார். அகமதுநகர் அரசின் அமைச்சராக இருந்த செங்கிஸ்கான் அவரை வாங்கினார், அவரும் ஹப்ஷியே. எசமானர் மறைந்தபின் விடுதலை பெற்ற அம்பர் படை திரட்டி, மன்னரை அமர்த்தும் நிலைக்கு உயர்ந்தார். மலையும் கணவாயும் அறிந்த சிறுபடைகளைக் கொண்டு மொகலாயப் பெரும்படையை அலைக்கழித்தார். ஜஹாங்கீர் அவரைப் போர்க்களத்தில் வெல்ல மாட்டாமல், அம்பரின் தலையைத் தாம் அம்பெய்து துளைப்பது போல ஓவியம் வரையச் செய்து மனம் ஆறினார். 1610-இல் அம்பர் அமைத்த கட்கி நகரமே பின்னாளில் ஔரங்காபாத் எனப் பெயர் மாறியது. இப்போது சத்ரபதி சம்பாஜிநகர். நிலத்தடிக் கால்வாய் வழியே அந்நகருக்கு நீர் கொண்டுவந்தார். 1626-இல் மறைந்த அவருடைய கல்லறை குல்தாபாத்தில் உள்ளது. எல்லோராக் குகைகளைக் காணச் செல்வோர் இன்னும் சிறிது தொலைவு சென்றால் அதனையும் கண்டு வரலாம்.

அகமதாபாத்தில் 1572-73-இல் எழுந்த சீதி சையத் பள்ளிவாசலைக் கட்டியவரும் ஓர் அபிசீனியரே. கல்லைக் கொடியும் மரமுமாகப் பின்னிய அதன் சாளரத்தின் உருவை அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் தன் சின்னத்துக்கு எடுத்துக்கொண்டது. மும்பைக்குத் தெற்கே முருட் ஊரின் எதிரே கடலுக்குள் நிற்கும் ஜஞ்சிராக் கோட்டையைச் சித்தி மரபினர் 1948 வரை ஆண்டனர். மராட்டியரால் அதனைக் கைப்பற்றவே இயலவில்லை. வேலைக்கான நேர்காணலுக்கு ஹைதராபாத் செல்லும் நம் மாணவர், 'ஏ.சி. கார்ட்ஸ்' என்னும் பகுதியைக் கடந்திருப்பர். அங்குள்ள 'ஏ.சி.' குளிர்சாதனம் அன்று. நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலர் வாழ்ந்த இடம் அது. அவர்தம் வழியினரும் ஏமனிய அரபியரும் வளர்த்த மர்ஃபா மேளம் இன்றும் அந்நகரத் திருமணங்களில் முழங்குகிறது.

இவற்றைக் கேட்டால் நம் நெஞ்சு நிமிரும். இங்கேதான் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மேடைகளில் மாலிக் அம்பரைப் பற்றி முழங்குவோர், "பார்த்தீர்களா, அடிமையும் அமைச்சரான சமுதாயம் எம்முடையது" என்று முடித்துவிடுகின்றனர். அச்சிறுவனைப் பாக்தாதில் வாங்கியவரும் தக்காணத்தில் வாங்கியவரும் முஸ்லிம்கள் என்பதைச் சொல்லாது விடுகின்றனர். இந்துமாக்கடலில் அடிமை வணிகம் நடத்தியோருள் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் மட்டுமல்லர், அரபியரும் குசராத்தியரும் இருந்தனர். அடிமையை விடுவித்தலைப் பேரறமாகப் போற்றும் மார்க்கத்தைச் சார்ந்தோர் அவ்வணிகத்தில் பொருள் ஈட்டினர் என்பது கசப்பான உண்மை. இதனை நாமே நம் மேடையில் ஒப்புக்கொள்ளாவிடில் வேறு யார் சொன்னாலும் பகைமை என்றே தோன்றும். அமைச்சரானவர் ஒருவர், பெயரின்றி மடிந்தவர் எத்தனையோ பேர்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது, பெரியோர் பொறுத்தருள்க. பிலால் என்னும் கறுத்த நல்லடியாரின் பெயரை நம் பிள்ளைகளுக்கு ஆசையோடு சூட்டுகிறோம். இறுதிப் பேருரையில் வெள்ளையர்க்குக் கறுப்பரினும் மேன்மை இல்லை என நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதை வெள்ளி மேடைதோறும் கேட்கிறோம். வீட்டுக்கு வந்து பெண் பார்க்கும் பேச்செடுத்தால் முதல் வினா, "நிறம் எப்படி?" மாமல்லையில் பின்னலைத் தொட்ட அவ்விளைஞரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எவ்வாறு பொருந்தும்?

வாழும் மக்களைக் காணச் செல்லும் முறை

கல்லறையும் கோட்டையும் காண்பது எளிது. அவை நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வாழும் மக்களைக் காணச் செல்வதில்தான் நம் பண்பாடு சோதிக்கப்படும்.

கருநாடக மாநிலத்து உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், அங்கோலா, முண்டகோடு பகுதிகளின் காட்டோரச் சிற்றூர்களில் சித்தியர் வாழ்கின்றனர். கோவாவில் போர்த்துக்கீசியரிடம் அடிமையாயிருந்து தப்பி வந்தோரின் வழியினர் பலர். முஸ்லிம்களும் இந்துக்களும் கிறித்தவரும் அவருள் உளர். சமயம் மூன்றாயினும் சித்தியர் என்னும் உணர்வு ஒன்று. 2003-இல் அங்குப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். 2020-இல் சாந்தாராம் சித்தி கருநாடக மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அவ்வினத்தாருள் அம்மன்றம் புகுந்த முதல்வர் அவர். குசராத்தில் கிர் வனத்தை அடுத்த ஜம்பூரிலும், பரூச் மாவட்டத்து ரத்தன்பூரிலும் சித்தியர் வாழ்கின்றனர். ரத்தன்பூர்க் குன்றில் உள்ள பாவா கோர் தர்கா அவர்தம் முதன்மைத் தலம். அகேட் என்னும் மணிக்கல் வணிகத்தோடு இணைத்துப் போற்றப்படும் ஆப்பிரிக்கப் பெரியார் அவர். ஜம்பூரைச் சேர்ந்த ஹீராபாய் லோபி, சித்திப் பெண்டிரைக் குழுக்களாகத் திரட்டி இயற்கை உரம் செய்து விற்கவும் பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் வழிகண்டவர். 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கருநாடகச் சித்திப் பெண்டிரின் கைவண்ணம் 'கவந்த்' எனப்படும் விரிப்பு. கிழிந்த சேலைகளையும் பழைய துணிகளையும் துண்டு துண்டாக அடுக்கித் தைப்பர். நான்கு மூலைகளிலும் 'பூ' எனப்படும் முக்கோண மடிப்புகளை வைத்துத்தான் முடிப்பர். பூ இல்லாத விரிப்பு ஆடையில்லாதது என்பது அவர் வழக்கு. பழந்துணியில் அழகு செய்யும் அக்கையை நம் வீட்டுப் பாட்டிமார் கண்டால் உடனே உறவு கொண்டாடிவிடுவர்.

இவர்களைக் காணச் செல்வோர் முதலில் மறக்கவேண்டியது 'வேடிக்கை' என்னும் சொல்லை. கிர் வனத்தில் சிங்கம் பார்க்க வருவோர் தங்கும் விடுதிகளில் சித்தியரின் தமால் ஆட்டம் மாலைப் பொழுதுபோக்காக நடத்தப்படுகிறது. தலையால் தேங்காய் உடைக்கும் காட்சிக்குக் கைதட்டல் மிகுதி. அவ்வாட்டமோ தர்காக்களில் இறைநினைவோடு முரசு முழக்கி ஆடப்படுவது. பகலில் சிங்கம், மாலையில் சித்தி என்று பயணத் திட்டத்தில் அடுத்தடுத்து எழுதுகையில் அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோமே என்ற உறுத்தல் எழவில்லையா? ஆயினும் அக்கலைஞர் அதனால் பிழைக்கின்றனர் என்பதும் உண்மை. எனவே ஆட்டம் காணாதீர் என்று நாம் சொல்ல மாட்டோம். இடைத்தரகரிடம் அன்றி ஆடுவோரிடமே பேசி உரிய ஊதியம் தந்து காணுங்கள் என்போம்.

ஆப்பிரிக்கக் குருதி என்றதும் ஓட்டப்பந்தயம் நினைவுக்கு வருவதும் இத்தகைய கோணலே. 1987-இல் இந்திய விளையாட்டு ஆணையம் சித்திச் சிறுவர் சிறுமியரைத் திரட்டிப் பயிற்சி அளித்தது. சிலர் பதக்கங்களும் வென்றனர். சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளைகள் ஊர் திரும்பினர். உடலைத் தேடிச் சென்றவர்கள் பள்ளிக்கூடத்தையும் நிலப்பட்டாவையும் தேடிச் செல்லவில்லை.

இக்கருத்தை வெளியிட்டபோது நம் மதிப்புக்குரிய மூத்தவர் ஒருவர் தடை எழுப்பினார். "அம்மக்கள் ஏழைகள் என்கிறீர்கள். நாற்பது பிள்ளைகளை அழைத்துப் போகும் செலவை அப்படியே ஸதக்காவாக அனுப்பிவிட்டால் அவர்களுக்கும் பயன், நமக்கும் நன்மை அல்லவா?" என்றார். அவருடைய ஈகையுள்ளம் போற்றத்தக்கது. ஆனால் கவந்த் விரிப்பை விலை கொடுத்து வாங்குபவர் அதனைத் தைத்தவரைக் கைவினைஞராக மதிக்கிறார். அதே பணத்தைக் கையில் திணித்துச் செல்பவர் இரவலராக ஆக்கிவிடுகிறார். மேலும் நம் பிள்ளைகள் பெறவேண்டியதை அஞ்சலில் பெற இயலாது. 1964-இல் ஹஜ்ஜுக்குச் சென்ற மால்கம் எக்ஸ், வெள்ளையரைப் பற்றித் தாம் அதுவரை கொண்டிருந்த கருத்தை அங்கிருந்தே கடிதம் எழுதி மாற்றிக்கொண்டார். நூல் பல கற்றவர்தாம் அவர். ஒரே தட்டில் உண்டபின்தான் உள்ளம் மாறியது.

கறுப்பின மக்களுக்குப் பயணம் என்பதே எளிதாக வாய்த்த ஒன்றன்று. அமெரிக்காவில் தம்மை விரட்டாத விடுதி எது, உணவகம் எது என்று அறிய அவர்களுக்கென்றே 1936 முதல் ஆண்டுதோறும் 'பசுமை நூல்' என்னும் வழிகாட்டி வெளிவந்தது. 2019-இல் கானா நாடு, அடிமைகளாகப் போனவரின் வழித்தோன்றல்களைத் 'திரும்பி வாருங்கள்' என அழைத்தது. பல்லாயிரவர் கடற்கரைக் கோட்டைகளில் முன்னோர் ஏறிய வாயிலில் நின்று அழுதனர். மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியா வந்து தென்னாட்டிலும் பயணம் செய்தார். திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட மாணவர் பயின்ற ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் தம்மை 'அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர்' என அறிமுகம் செய்ததையும், முதலில் திடுக்கிட்டுப் பின் அதன் உண்மையை உணர்ந்ததையும் 1965-இல் ஆற்றிய உரையில் நினைவுகூர்ந்தார். அவர் நம்மைத் தேடி வந்து தம்மைக் கண்டுகொண்டார். நாம் மறுவழி செல்ல ஏன் தயங்கவேண்டும்?

வழியில் கொச்சியையும் விட்டுவிட வேண்டா. 1663-இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபோது, ஓடிய போர்த்துக்கீசியர் தம் செல்வத்தைப் புதைத்து, அதற்குக் காவலாக ஆப்பிரிக்க அடிமைகளையும் கொன்று சுவர்களுக்குள் வைத்தனர் என்பது அங்குள்ள மரபுச் செய்தி. மட்டாஞ்சேரியில் 'காப்பிரி முத்தப்பன்' என்னும் பெயரால் ஒரு சிறு மேடையில் இன்றும் விளக்கேற்றுகின்றனர். சுருட்டும் கள்ளும் படைப்போரும் உண்டு. அவ்வழிபாடு நம் நெறிக்கு உடன்பாடானதன்று. எனினும் பெயரற்று மடிந்த ஆப்பிரிக்கரை முந்நூற்றறுபது ஆண்டுகளாக ஓர் ஊரின் எளிய மக்கள் மறவாதிருப்பதைக் காணுங்கால், கல்வெட்டும் கல்லூரியும் உடைய நாம் மறந்துவிட்டது ஏன் என்றே கேட்கத் தோன்றுகிறது.

துறைக் கூட்டத்தில் இதுபற்றி விண்ணப்பம் அளித்துள்ளோம். இவ்வாண்டு ஒரு சனிக்கிழமை சதுரங்கப்பட்டினம், அடுத்துப் பழவேற்காடு. வரும் கல்வியாண்டில் ஹுப்பள்ளி வரை தொடர்வண்டியிலும் அங்கிருந்து எல்லாப்பூருக்குப் பேருந்திலும் செல்லலாம். முன்னதாகவே அவ்வூர்ப் பெரியோருக்கு எழுதி, அவர்கள் வரச் சொல்லும் நாளில் செல்லவேண்டும். புறப்படுமுன் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நூலேனும் படித்து இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும் என்னும் விதியைச் சேர்த்ததும் பெயர் கொடுத்தோர் எண்ணிக்கை பாதியாயிற்று. அதுவும் நன்றே, ஒரே பேருந்து போதும். அத்தான்சானிய மாணவியிடம் தெரிவித்தபோது சதுரங்கப்பட்டினத்துக்குத் தாமும் வருவதாகச் சொன்னார். கடற்கரை வெயில் கடுமையாதலின் காலை ஆறு மணிக்கே கல்லூரி வாயிலில் கூடவேண்டும்.